சுகரும் பிரஷரும் பார்க்கிறீர்கள், எலும்பையும் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகரும் பிரஷரும் பார்க்க வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலரின் படிவத்தில், 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று நாலு கேள்விகளைச் சேருங்கள். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது, அல்லது கருப்பையை எடுத்துவிட்டார்களா? சும்மா நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததுண்டா? மூட்டு வலிக்கு என்ன ஊசி, என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக? காலையில் எழுந்ததும் கைவிரலை மடக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? இதற்கு மேல் ஒரு எடை பார்க்கும் மிஷின் இருந்தால் போதும். கொங்குச் சீமையில் ஆயிரக்கணக்கான பெண்களின் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களுக்கே தெரியாது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். காங்கயம், தாராபுரம் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில்தான் என் வேலைக்காலம் கழிந்தது. ஒரு பெண் கருவுற்றால் நம் துறை அவளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளும். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுப்போம். பதினாலாவது வாரத்திலிருந்து சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்க்கு உதவி போய்ச் சேரும். எடை, ரத்தம், ஸ்கேன் எல்லாம் பதிவேட்டில் ஏறும். குடும்பக் கட்டுப்பாடு அறுவை முடிந்து, கடைசிக் குழந்தைக்குத் தடுப்பூசியும் போட்டாயிற்று என்றால், அந்தப் பெண் எங்கள் பதிவேடுகளிலிருந்து மறைந்துவிடுவாள். அப்புறம் அவள் பெயர் அரசாங்கத் தாளில் ஏறுவது சர்க்கரை நோயாளியாகவோ ரத்தக்கொதிப்பு நோயாளியாகவோதான். நடுவில் பதினைந்து இருபது ஆண்டுகள். அதற்குள்ளேதான் மாதவிலக்கு நிற்கிறது.

இந்தியப் பெண்களுக்கு அது நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் 51. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் என்று நீங்கள் வகுத்தது 45 வயதுக்கு மேற்பட்டவர்களை. எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கும் வயதும் அதுவேதான். சரியான வீட்டுக்குச் சரியான வயதில் ஏற்கெனவே ஆள் போய்க்கொண்டிருக்கிறார். கேள்விதான் கேட்கப்படவில்லை.

அந்த வயதுப் பெண்கள் நம்மிடம் வந்து சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருக்கும். "கை காலெல்லாம் கடுப்பா இருக்குதுங்க சிஸ்டர்." "நேரமே எந்திரிச்சா வெரலை மடக்க முடியறதில்லீங்க." "குறுக்கு உட்டுப்போச்சுங்க, கொடத்தைத் தூக்க முடியல." கூட வந்த மருமகளோ மகனோ, "வயசாயிருச்சல்லங்க" என்பார்கள். வயது 48 இருக்கும். நாற்பத்தெட்டில் ஒருத்திக்கு வயசாகிவிட்டது என்று வீடே முடிவு கட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை.

அவள் சொல்லும் வலிக்கும், அவள் சொல்லாத எலும்புக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான், தன்னார்வலர்களுக்கும் இந்த மடலைப் படிக்கிற பெண்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எலும்பு உயிருள்ள திசு. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைந்து, அந்த இடத்தில் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைப்பதற்கென்று ஒரு வகைச் செல், கட்டுவதற்கென்று இன்னொரு வகை. முப்பது வயது வரை கட்டுவது ஓங்கியிருக்கும். அப்புறம் இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடும். கரைக்கும் செல்கள் அளவு மீறிப் பெருகாமல் அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். உடம்பின் அழற்சியை அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதைச் சுரக்கும் சூலகம் (ஓவரி) ஓயத் தொடங்கி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், நோய் எதிர்ப்புச் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற வேதிப்பொருள்களை முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கின்றன. அடிபட்ட இடம் சிவந்து வீங்குவதும், கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிப்பதும் இவற்றால்தான். இங்கே காய்ச்சலும் இல்லை, பார்த்தால் தெரிகிற வீக்கமும் இல்லை. சிறிய அளவில், ஓயாமல், ஆண்டுக்கணக்கில் நடக்கும் அழற்சி. அது ரேங்க்-எல் என்ற புரதத்தைக் கூட்டி, எலும்பைக் கரைக்கும் செல்களை மேலும் மேலும் உருவாக்க வைக்கிறது. கட்டுகிற வேலை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் பின்தங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 1996 முதல் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவரும் 'ஸ்வான்' ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எலும்பு இழப்பு வேகமெடுப்பது மாதவிலக்கு நின்ற பிறகு அல்ல, கடைசி மாதவிலக்குக்கு ஓராண்டு முன்பே. அப்போதிருந்து, நின்று இரண்டாண்டு ஆகும்வரை, முதுகெலும்பு ஆண்டுக்குச் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தியை இழக்கிறது. மூன்றாண்டில் ஏழு விழுக்காட்டுக்கு மேல். அதே ஆய்வில், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிக் கூடக்கூட, எலும்பு முறியும் வாய்ப்பும் கூடியது. எல்லாருக்கும் சி.ஆர்.பி. பரிசோதனை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை; சளி பிடித்தால்கூட அது ஏறும். ஆனால் தீட்டு ஒழுங்கில்லாமல் வரத் தொடங்கிய நாளிலிருந்தே நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதை மனதில் வையுங்கள். அறுபது வயதில் இடுப்பு முறிந்து வரும்போது நாம் பார்ப்பது பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கதையின் முடிவை.

இந்த அழற்சிக்கு மேலும் தீனி போடுவன எவை என்று பார்த்தால், அந்தப் பட்டியல் முழுக்க நம் தன்னார்வலர் ஏற்கெனவே பார்க்கிறவைதான். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, சர்க்கரை, ஈறு நோய், வெற்றிலையோடு சேர்த்த புகையிலை, தூக்கமின்மை. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளிகளின் எலும்பு, ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும், முறிகிறது. அதன் தரமே கெட்டுப்போயிருக்கும். சுகர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற வீட்டில் எலும்பைப் பற்றிக் கேட்காமல் வருவது பாதி வேலைதான்.

நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் 2 கிராம் போய்விடும். தீவனத்தில் அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டும். கடைசியில் காலூன்ற முடியாமல் கூண்டுக்குள் படுத்துவிடும். அதனால் பண்ணைக்காரர் கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிறுத்துப் போடுகிறார். ஓடு இரவில்தான் உருவாகும் என்பதால் பொழுதோட, சாயங்காலத்தில் போடுவது நல்லது என்பதுவரை அவருக்குத் தெரியும். அதே பண்ணையில் முட்டை பொறுக்கும் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது, அவர் பெயரை அட்டையில் எழுதி வைத்திருக்கும் நமக்கும் கவலை இல்லை.

1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் அது எங்கே இருக்கிறது? காலையில் காபி, நாலு இட்லி, மத்தியானம் அரிசிச் சோறும் ரசமும், இரவுக்குத் தோசை, நடுவில் பேக்கரி டீயும் ஒரு தேங்காய் பன்னும். கூட்டிப் பார்த்தால் பாதியைத் தொடுவதே அரிது. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240. கொள்ளிலும் முருங்கைக்கீரையிலும் எள்ளிலும் நன்றாகவே இருக்கிறது. எள்ளில் உள்ளதை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது என்றாலும் எள்ளுருண்டை நல்ல தின்பண்டம். ராகிக் களியும் கொள்ளுப் பருப்பு கடைந்ததும் நம் சீமையின் அன்றாடச் சாப்பாடாக இருந்தவை. இன்று கொள்ளு, உடம்பு இளைக்கக் குடிக்கும் சூப் ஆகிவிட்டது.

பாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். நம் பக்கம் மாடு இல்லாத தோட்டம் குறைவு. நேரமே எந்திரிச்சு சாணி அள்ளி, தண்ணி காட்டி, தீனி வைத்து, பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்புவது பெரும்பாலும் பெண். சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் அளந்து காசு போடுகிறார்கள். அந்தக் காசில்தான் பிள்ளைகள் காலேஜுக்குப் போகின்றன. பால் முழுக்க ஊற்றிவிட்டு, காபிக்கு எடுத்து வைத்த கொஞ்சத்தில் மாமனாருக்கு, வீட்டுக்காரருக்கு, பேரனுக்கு என்று போக, மாட்டைக் கறந்தவளுக்கு வரக்காபி. "பாலு குடிச்சா எனக்குச் சேராதுங்க" என்று சொல்லுவாள். சிலருக்கு உண்மையிலேயே சேராது. அவர்களுக்குத் தயிரோ மோரோ சேரும். பலருக்குச் சேராமல் இல்லை. குடித்துப் பழக்கமே இல்லை. ஒரு டம்ளர் பாலைத் தனக்கென்று எடுத்து வைப்பது பேராசை இல்லை என்று யாராவது ஒருத்தர், வெள்ளைக் கோட்டோ நீலச் சேலையோ போட்ட ஒருத்தர், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டாரும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்பார்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர்க்காரி நான். மஞ்சள் மேல் எனக்கும் பெருமை உண்டு. குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்று சோதனைக் கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலி கொஞ்சம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் சில விழுக்காடுதான். அதையும் குடல் எளிதில் உறிஞ்சாது. பாலில் போட்டுக் குடியுங்கள், நல்லது; அதில் பால் இருக்கிறது. கரைந்த எலும்பை அது திருப்பிக் கட்டாது. காசு கொடுத்து வாங்கும் குர்குமின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது ஈரலைப் பாதித்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன.

இனி, இந்த மடலில் என்னை அதிகம் கொதிக்க வைக்கும் விஷயம்: ஊசி.

மூட்டு வலி என்று போன பெண்ணுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் ஒரு ஊசி விழுகிறது. அல்லது சிறிய காகிதத்தில் மடித்த, பெயரில்லாத மாத்திரைகள். அல்லது மூலிகை என்று சொல்லித் தரப்படும் பொடி. "ஊசி போட்டா நாலு நாளைக்குத் தேவலைங்க, எந்திரிச்சு ஓடலாம்." தேவலையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அதில் இருப்பது ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன். அழற்சியை அடக்குவதில் அவற்றுக்கு நிகரில்லை. முறைப்படி, தேவைப்படும் நோய்க்கு, அளவோடு கொடுத்தால் உயிர் காக்கும் மருந்துகள். ஆனால் எலும்பைக் கட்டும் செல்களை அவை கொல்கின்றன, குடல் சுண்ணாம்புச்சத்தை எடுப்பதைக் குறைக்கின்றன, தசையையும் கரைக்கின்றன. எலும்பு இழப்பு மிக வேகமாக நடப்பது தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். ஏற்கெனவே ஈஸ்ட்ரோஜன் போய், ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு இழந்துகொண்டிருக்கும் பெண்ணின் மேல் இதையும் ஏற்றுகிறோம். வலி போன சந்தோஷத்தில் அவள் அடுத்த ஊசிக்குப் போகிறாள். முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, நம் தன்னார்வலர் சுகர் மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லி எழுதுகிறார். சர்க்கரை ஏன் ஏறியது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மருந்து ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மூட்டு வலிப் பொடிகளை எடுத்துப் பரிசோதிக்கும் கூடங்களும் இருக்கின்றன. கொங்கு மாவட்டங்களில் வாரச்சந்தை வாரச்சந்தையாகப் போய் மாதிரி எடுங்கள். முடிவை ஊர்ப் பெயரோடு வெளியிடுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

வலி மாத்திரையும் அப்படித்தான். டைக்ளோபினாக்கை மளிகைச் சாமான் மாதிரி வாங்கி வைத்துத் தின்கிறார்கள். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ள உடம்பில் அது சிறுநீரகத்தை அரிக்கும். அதனால் வரும் வயிற்றெரிச்சலுக்குக் கேஸ் மாத்திரை. அதை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் சொல்கின்றன.

நான் படிவத்தில் கேட்கச் சொன்ன நாலாவது கேள்விக்கு வருகிறேன். காலையில் விரல் மடங்க அரை மணி, ஒரு மணி நேரம் ஆகிறது, இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன என்றால் அதை வெறும் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது. மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டித் தலைகாட்டுவதும் சகஜம். அந்த அழற்சி மூட்டருகே எலும்பையே அரித்துவிடும். உடம்பு முழுக்க எலும்பு அடர்த்தியையும் குறைக்கும். முதல் சில மாதங்களுக்குள் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற சரியான மருந்தைத் தொடங்கினால் கை கோணாமல் காப்பாற்றலாம். வாரத்துக்கு ஒரே நாள் எடுக்க வேண்டிய அந்த மருந்தைத் தினமும் எடுத்துவிட்டால் ஆபத்து; அதையும் தன்னார்வலரே கவனித்துச் சொல்லலாம். 2006 சிக்குன்குனியாவுக்குப் பிறகு "அந்தக் காய்ச்சல்ல வந்ததுங்க" என்று எல்லா மூட்டு வலியையும் அதன் கணக்கில் எழுதுவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. சிலருக்கு உண்மை. எல்லாருக்கும் அல்ல.

கருப்பை எடுத்த பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு, நாற்பது வயதில் பெரும்பாடு (அதிக ரத்தப்போக்கு) என்று போனவர்களுக்குக் கருப்பையோடு சூலகத்தையும் சேர்த்து எடுத்திருந்தால், மாதவிலக்கு மெல்ல நிற்பது என்பதே இல்லை. ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் விழுகிறது. சூலகத்தை விட்டுவைத்தாலும் அது ஓரிரு ஆண்டு முன்னதாக ஓய்ந்துவிடுவதுண்டு. அவளுக்குத் தீட்டு நின்றதென்ற அடையாளமும் இல்லாததால், எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. "சூலகத்தையும் எடுத்தாங்களா?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். தேவையில்லாத கருப்பை நீக்கத்தைத் தடுக்க 2022இல் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் செயல்படுத்தச் சொன்னது. தடுப்பது ஒரு பக்கம். ஏற்கெனவே எடுத்தவர்களின் எலும்பை யார் பார்ப்பது? 45 வயதுக்கு முன் சூலகம் போனவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் கொடுப்பதே இன்றைய மருத்துவ நடைமுறை. அது நம் பெண்களுக்குச் சொல்லப்படுவதேயில்லை.

ஹார்மோன் என்றதும் புற்றுநோய் பயம் வரும். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து வந்த பயம் அது. அந்த ஆய்வில் மார்பகப் புற்றும் பக்கவாதமும் ரத்தக் கட்டியும் கூடின. இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு லாப நட்டம் வேறு மாதிரி என்பதைப் பின்னர் வந்த அலசல்கள் காட்டின. எல்லாருக்கும் கொடுங்கள் என்று சொல்லவில்லை. மகளிர் மருத்துவர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற ஒரு வாய்ப்பாக அது மேஜை மேல் இருக்கட்டும்.

திருப்பூருக்கு வருவோம். பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் கைமடிப்பிலும் நாற்பது ஐம்பது வயதுப் பெண்கள்தான் பெரும்பாலும். ஒன்றரை ஷிப்ட் என்றால் வெயில் ஏறுமுன் உள்ளே போய், பொழுது இறங்கிய பிறகு வெளியே வருவது. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, அல்லது குனிந்தபடி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வெயிலே படாத உடம்பு. வைட்டமின் டி தோலில் உருவாக நடுப்பகல் வெயில் வேண்டும். காலை ஏழு மணி இளவெயிலில் அதற்கான கதிர் மிகக் குறைவு. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் இதே கதைதான். மத்தியான இடைவேளையில் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் முகமும் கையும் படும்படி நடக்க விடுவதற்கு எந்தக் கம்பெனிக்கும் காசு செலவில்லை. ஈ.எஸ்.ஐ.க்கு மாதம் தவறாமல் இந்தப் பெண்களின் சம்பளத்திலிருந்து பணம் போகிறது. வருடாந்தரப் பரிசோதனையில் இந்த நாலு கேள்வியும் எடையும் அங்கேயும் சேரட்டும். வைட்டமின் டி 60,000 அலகு மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரம் எழுதினால், எட்டு வாரத்தில் நிறுத்தவும் சொல்லி அனுப்புங்கள். ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு மீறினால் அது விஷம்.

பரிசோதனைக்கு வருகிறேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை எல்லாருக்கும் எடுக்க முடியாது, தேவையும் இல்லை. ஆசியப் பெண்களுக்கென்றே 2001இல் வந்த 'ஆஸ்டா' கணக்கு இருக்கிறது: எடையிலிருந்து வயதைக் கழித்து, ஐந்தால் வகுத்தால் போதும். 62 வயது, 40 கிலோ என்றால் விடை மைனஸ் 4.4, மைனஸ் நாலுக்குக் கீழ் போனால் ஆபத்து அதிகம். 55 வயது, 58 கிலோ என்றால் 0.6, அவருக்கு ஆபத்து குறைவு. தன்னார்வலரின் செல்போனே கணக்குப் போட்டுவிடும். சர்க்கரையோ ஸ்டீராய்டோ உள்ள பருத்த உடம்புக்காரரை இந்தக் கணக்கு தவறவிடும். அதற்காகத்தான் நாலு கேள்விகள். இரண்டும் சேர்ந்தால் யாரை ஸ்கேனுக்கு அனுப்புவது என்று தெரிந்துவிடும். ஐம்பதுக்கு மேல் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுக்கோ நாட்டு வைத்தியர் கட்டுக்கோ போனவர்களைக் கேள்வியே இல்லாமல் அனுப்பலாம். மணிக்கட்டு முறிவுதான் முதல் எச்சரிக்கை. இளமையில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குள்ளமாகிவிட்டவர்களுக்கு முதுகெலும்பு ஓசையில்லாமல் நொறுங்கியிருக்கலாம். எலும்பு அடர்த்திக் குறைவு வலிக்காது என்பதை ஊருக்கு ஊர் சொல்லியாக வேண்டும். வலிக்கிற முழங்காலுக்கு ஓடி ஓடி வைத்தியம் பார்ப்பவர்கள் வலிக்காத இடுப்பையும் முதுகையும் நினைப்பதேயில்லை.

கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று போட்டு, குதிகாலை ஒரு மிஷினில் வைத்துப் பார்த்து, வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு "எலும்பு வீக்கா இருக்கு" என்று சீட்டு எழுதி, பவுடர் டப்பா விற்று அனுப்புகிறார்கள். குதிகால் மிஷினின் எண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் எலும்பு அடர்த்திக் குறைவை நோய் என்று சொல்ல 1994இல் வகுத்த மைனஸ் 2.5 என்ற எல்லை இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸாவுக்கு உரியது. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு டெக்ஸா மிஷினும், அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருந்தால் இந்த முகாம்கள் தானாக ஓயும். தண்ணீரில் புளோரைடு அதிகமுள்ள சேலம், தர்மபுரிப் பக்கத்து ஊர்களில் எலும்பு ஸ்கேனில் கெட்டியாகத் தெரிந்தாலும் நொறுங்கும் என்பதையும் அந்த மருத்துவர் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை. காப்புரிமை காலம் முடிந்து விலை குறைந்த மருந்து. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணியோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபி குடிக்காமல் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் காபியைத் தள்ளிப்போடுவதுதான் கஷ்டம்; தன்னார்வலர் வாராவாரம் நினைவூட்டினால் பழகிவிடும். சுகர் மாத்திரைப் பையோடு இதையும் கொண்டுபோய்க் கொடுங்கள். விழுங்க முடியாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டியவை இரண்டும்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். படுத்த படுக்கையானவர்களைத்தான் இப்போது அவர் பார்க்கிறார். மாதம் ஒரு முறை மகளிர் குழுக் கூட்டத்துக்கு அவரை அனுப்புங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சி, முதுகு வளையாமல் குடம் தூக்கும் முறை. தசை வலுவானால் விழுவது குறையும். குளியலறை வாசலில் பாசி பிடித்த கல்லைத் தேய்த்துக் கழுவச் சொல்வதும் அவர் வேலையாக இருக்கட்டும்.

இடுப்பெலும்பு முறிந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குப் பணம் கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்; பிழைத்தவர்களில் பலர் முன்போல நடப்பதில்லை. அறுவைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், நான் கேட்பதையெல்லாம் செய்ய.

மாநிலம் முழுக்க உடனே வேண்டாம். காங்கயம் வட்டாரத்தையோ, நாமக்கல்லில் ஒரு வட்டாரத்தையோ எடுத்து ஆறு மாதம் செய்து பாருங்கள். எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேருக்கு ஸ்கேன் தேவைப்பட்டது, எத்தனை பேர் பெயரில்லாத ஊசியில் இருந்தார்கள் என்ற கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். தன்னார்வலர்களுக்கு இந்த நாலு கேள்வியையும் கூச்சமில்லாமல், கொங்குத் தமிழில், மாமியாரும் மகனும் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க என்னைப் போன்ற ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம். சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
காங்கயம் வட்டாரம்.